கூட்டத்தில் நின்ற கனவு

கதை எழுதுகிறவனுக்குக் கனவைப் போன்ற உபகாரி வேறு கிடையாது. கதை நடுவழியில் சண்டி மாடாகப் படுத்துக்கொண்டால், கதாநாயகிக்கு ஒரு கனவை வரவழைத்துவிடலாம். ஒரு கறுப்பு நாய், ஓர் இடிந்த கோபுரம், தூரத்தில் மணி ஓசை. அவ்வளவுதான், அடுத்த அத்தியாயத்துக்கு வழி பிறந்துவிடும். இந்த உபாயத்தை நானும் தாராளமாகவே கையாண்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, எனக்குக் கனவு சாஸ்திரம் தெரியும் என்று சில வாசகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பல் விழுவதாகக் கண்டேன், என்ன பலன்? யானை துரத்துகிறதே, நல்லதா கெட்டதா? இப்படியெல்லாம் கடிதம் எழுதுகிறார்கள்.

பல்லுக்கும் யானைக்கும் பதில் சொல்வது பெரிய காரியமல்ல. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் கிடைத்துவிடும். பஸ் நிலையத்துக் கடையில் விற்கிற மெல்லிய கனவுப் புத்தகத்தில் இன்னும் விவரமாகவே இருக்கும். எந்த ஜாமத்தில் கண்ட கனவு எத்தனை நாளில் பலிக்கும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கனவுக்கு மட்டும் அந்தப் புத்தகங்களில் பலனைக் காணோம். பெருங்கூட்டம். அதன் நடுவில் நான் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறேன். இடம் ரயிலடி மாதிரியும் இருக்கிறது, ஆஸ்பத்திரி மாதிரியும் இருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். என் முறை மட்டும் வரவில்லை. விழித்துக்கொள்கிறேன். இதுதான் அந்தக் கனவு. இதைக் காணாதவர் நம்மில் குறைவு.

புத்தகங்கள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாம்பும் பசுவும் ஊருக்குப் பொது. எவர் கனவில் வந்தாலும் ஒரே பலன் என்று அவை எண்ணிக்கொள்கின்றன. கூட்டத்தை அப்படிச் சொல்லிவிட முடியுமா? தேர் பார்க்க நிற்பதும் கூட்டம்தான்; பிணத்தைச் சுற்றி நிற்பதும் கூட்டம்தான். காத்திருப்பதும் அப்படித்தான். முகூர்த்த வேளைக்காக மணையில் உட்கார்ந்திருப்பவனும் காத்திருக்கிறான். தீர்ப்புக் கேட்கக் கோர்ட்டு வராந்தாவில் நிற்பவனும் காத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே பலன் எழுதினால் சாஸ்திரம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

கனவுக்குப் பலன் சொன்னவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், இந்தக் கூட்டத்துக் கனவில் உண்மையாகவே மனத்தைச் செலுத்தியவர்கள் என்று மூன்று பேர் என் கண்ணில் படுகிறார்கள். ஒருவர் சந்தை சந்தையாகத் திரிந்த கிரேக்கர். இன்னொருவர் வியன்னா நகரத்து டாக்டர். மூன்றாமவர் பெர்லினில் வசித்த ஒரு பெண்மணி. கனவு காண்கிறவரைப் பார்த்து மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டார்கள். அந்த வேற்றுமையில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கிரேக்கர். பெயர் ஆர்ட்டெமிடோரஸ். கி.பி. 2-ம் நூற்றாண்டில் இருந்தவர். பிறந்த ஊர், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த எபேசஸ் என்ற மகாநகரம். ஆனால் தம்மை அவர் டால்டிஸ் ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொண்டார். டால்டிஸ் அவருடைய தாயார் பிறந்த சிற்றூர். எபேசஸின் பெருமை பேச எத்தனையோ பேர் உண்டு, அம்மாவின் ஊரைச் சொல்ல என்னைவிட்டால் யார் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் எழுதிய கனவு நூல் ஐந்து பாகம் கொண்டது. முதல் மூன்று பாகம் ஊருக்கு. கடைசி இரண்டும் தம் மகனுக்கு. தொழில் ரகசியத்தை மகனுக்கென்று ஒதுக்கி வைப்பதில் கிரேக்கரும் நம்மவர்தான்.

அந்தக் காலத்தில் சந்தைக்குச் சந்தை கனவுப் பலன் சொல்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர்கள் அவர்களை மோசக்காரர்கள், பிச்சைக்காரர்கள் என்று ஏசிவிட்டு, புருவத்தை உயர்த்தியபடி நடந்துவிடுவார்கள். ஆர்ட்டெமிடோரஸ் அப்படிப் போகவில்லை. கிரேக்க நாடு, ஆசியாக் கரை, இத்தாலி, பெரிய தீவுகள் என்று திருவிழா நடக்கிற இடமெல்லாம் போய், அவர்களோடு பல வருஷம் உட்கார்ந்து பழகினார். யார் என்ன கனவு கண்டார்கள், பிற்பாடு அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். கூட்டத்திலேயே உட்கார்ந்து எழுதப்பட்ட சாஸ்திரம் அது.

ஆகையால் கூட்டத்தைப் பற்றி அவர் சொல்வதில் ஓர் அநுபவம் இருக்கிறது. சந்தைவெளியைக் கனவில் கண்டால் குழப்பமும் கூச்சலும் வரும் என்கிறார். ஜனங்கள் கூடுகிற இடமல்லவா? இத்தோடு நிறுத்தியிருந்தால் அவரும் பஞ்சாங்கம்தான். அவர் நிறுத்தவில்லை. சந்தையிலே பிழைக்கிறவன் அதே கனவைக் கண்டால், இரைச்சலும் நெரிசலுமாக இருக்கிற சந்தை அவனுக்கு நல்ல சகுனம். ஆள் நடமாட்டமில்லாத சந்தை அவனுக்கு வேலையில்லாத் திண்டாட்டம். மற்றவர்களுக்கோ அதே வெறிச்சோடிய சந்தை பெரிய நிம்மதி. கூட்டம் ஒன்றுதான்; நிற்கிறவன் யார் என்பதைப் பொறுத்துப் பலன் புரண்டுவிடுகிறது.

இதற்கு அவர் தருகிற உதாரணம் அழகானது. பிள்ளைத்தாய்ச்சிகள் ஏழு பேர் ஒரே கனவைக் கண்டார்கள்: பாம்பைப் பெற்றெடுப்பதாக. செல்வர் வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை பெரிய பிரசங்கியானான். பாம்புக்கு நாக்கு பிளவுபட்டது அல்லவா? குறி சொல்பவர் மனைவிக்குப் பிறந்தவன் குறி சொல்பவனானான். அடிமைப் பெண்ணின் பிள்ளை எஜமானிடமிருந்து ஓடிப் போனான். நோயாளியின் பிள்ளை கைகால் விளங்காதவனானான். இப்படி ஒரு பாம்பு ஏழு விதமாகப் பிறந்தது. இந்தப் பலன்களை நீங்களும் நானும் நம்ப வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வியைத்தான் கவனிக்க வேண்டும். 'என்ன கண்டாய்?' என்பதோடு அவர் விடுவதில்லை. 'அப்பா, நீ யார்? என்ன தொழில்? கலியாணமானவனா? சுதந்தரனா, அடிமையா?' என்றும் விசாரிக்கிறார். தெரியாமல் பலன் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

இப்போது சுமார் ஆயிரத்து எழுநூறு வருஷங்களைத் தாண்டி வியன்னாவுக்கு வர வேண்டும். டாக்டர் சிக்மண்ட் பிராய்டு எழுதிய கனவு நூல் 1899-ம் வருஷக் கடைசியில் வெளிவந்தது. முகப்பில் மட்டும் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். புது நூற்றாண்டுக்குப் புதுப் புத்தகம்! போட்டது 600 பிரதி. அவை விற்றுத் தீர எட்டு வருஷம் ஆயிற்று. புத்தகம் விற்கவில்லையே என்று ஏங்குகிற எழுத்தாள நண்பர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பிராய்டு ஆர்ட்டெமிடோரஸைப் படித்திருந்தார், மரியாதையோடு குறிப்பிடுகிறார். கனவு கண்டவனின் நிலைமையை விசாரிக்க வேண்டும் என்பது அவருக்கும் சம்மதம். ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். பழைய காலத்தில் பலன் யாருடைய மனசில் உதித்தது? பலன் சொல்கிறவர் மனசில். பிராய்டு அதை மாற்றி, கனவு கண்டவரையே படுக்க வைத்து, 'இந்தக் கூட்டத்தை நினைத்தால் உமக்கு என்ன ஞாபகம் வருகிறது? நேற்று என்ன நடந்தது? சின்ன வயசில் என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுத் தாம் பேசாமல் இருந்தார்.

கூட்டமும் ரயிலும் அவருடைய புத்தகத்தில் நிறைய வருகின்றன. ரயிலைத் தவறவிடுவதாக வரும் கனவை அவர் ஓர் ஆறுதல் கனவு என்கிறார். புறப்பாடு என்பது மனசின் பாஷையில் சாவு. 'பயப்படாதே, நீ புறப்படப் போவதில்லை' என்று கனவு தட்டிக் கொடுக்கிறதாம். பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றுவிட்டதாகக் கண்டு வியர்த்து விழித்தவர்களுக்கு இது நல்ல செய்தி. கனவில் முன்பின் தெரியாத ஜனத்திரள் நிற்பதைப் பற்றி அவர் சொல்வது இன்னும் வேடிக்கை. அத்தனை அந்நியர்களும் ஒரு ரகசியத்துக்குப் போட்ட வேஷம் என்கிறார். நெருங்கிய ஒருவரை மறைக்க, மனசு நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறதாம்.

இதற்கு அவருடைய சொந்தக் கனவே சாட்சி. 1898-ம் வருஷக் கோடையில் விடுமுறைக்காக மலைப்பக்கம் போக, பிராய்டு வியன்னாவின் மேற்கு ஸ்டேஷனுக்கு வந்தார். அவருடைய ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது ஆஸ்திரியாவின் பிரதம மந்திரியாயிருந்த துன் பிரபு, சக்கரவர்த்தியைப் பேட்டி காணப் போகிறவர், திறந்த வண்டியில் மழையில் வந்து இறங்கினார். டிக்கெட் கேட்ட சிப்பந்தியைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நடந்தார். பிரபு ஏறிய ரயில் போய்விட்டது. பிராய்டு மட்டும் பிளாட்பாரத்திலேயே நின்று, சிபாரிசின் பேரில் யாராவது தனி அறை வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கினால் சண்டை போடுவதாக உத்தேசம். வாய் ஒரு பாட்டை முணுமுணுத்தது. மொஸார்ட்டின் நாடகத்தில், எஜமானப் பிரபுவை ஆட்டிவைக்கிறேன் பார் என்று வேலைக்காரன் பிகரோ பாடுகிற பாட்டு!

அன்று இரவு ரயிலில் கனவு வந்தது. பெரிய ஜனக்கூட்டம், மாணவர் சபை. ஒரு பிரபு எழுந்து ஜெர்மானியரை இளக்காரமாகப் பேசுகிறார். பிராய்டு கொதித்தெழுகிறார். பிறகு வாசல்கள் அடைபட்ட மண்டபம், தப்பி ஓட்டம், கடைசியில் மறுபடியும் ரயில் நிலையம். அங்கே ஒற்றைக் கண் தெரியாத ஒரு கிழவர். அவருக்குச் சிறுநீர்ப் பாத்திரம் ஏந்தி நிற்கிறார் பிராய்டு. விழித்து எழுந்து இந்தக் கனவைக் கிளறிக்கொண்டே போனபோது, அவருக்கு ஏழெட்டு வயசில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. பெற்றோரின் படுக்கையறையில் அசுத்தம் செய்துவிட்ட பையனைப் பார்த்து, இவன் ஒன்றுக்கும் உதவமாட்டான் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். அந்தச் சொல் உள்ளே முள்ளாகத் தங்கியிருந்தது. ரயிலடிக் கிழவர் வேறு யாருமில்லை, கண்ணில் நோய் கண்டிருந்த தகப்பனார்தான் என்று பிராய்டு எழுதுகிறார். அவர் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகவில்லை. அத்தனை பெரிய கூட்டமும் பிரபுவும் சபையும் ஒரு திரை. திரைக்குப் பின்னால், 'நான் உதவாக்கரை இல்லை அப்பா' என்று சொல்வதற்காக ஒரு பையன் நாற்பது வயசு தாண்டியும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இதைப் படித்தபோது, பிராய்டின் மற்றக் கொள்கைகளைப் பற்றி எனக்கு எத்தனை சந்தேகம் இருந்தாலும், இந்த ஓரிடத்தில் மனிதனை அவர் தொட்டுவிட்டார் என்று தோன்றியது. கூட்டத்தில் காத்திருப்பவன் பல சமயம் ரயிலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு முகத்துக்காகக் காத்திருக்கிறான்.

ஆனால் சரித்திரம் அந்த மேற்கு ஸ்டேஷனோடு தன் கணக்கை முடிக்கவில்லை. 1933-ம் வருஷம் ஜனவரி 30-ம் தேதி ஹிட்லர் ஜெர்மனியின் பதவிக்கு வந்தான். மே மாதம் பெர்லினில் நெருப்பில் போட்ட புத்தகங்களில் பிராய்டின் புத்தகங்களும் இருந்தன. 1938 மார்ச்சில் வியன்னாவும் நாஜிகள் வசமாயிற்று. ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உலகமெல்லாம் பெயர் பெற்ற அந்தக் கிழவர் அதற்காக ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருந்தார். ஜூன் 4-ம் தேதி, 82-வது வயசில், அதே மேற்கு ஸ்டேஷனிலிருந்து ரயில் ஏறினார். அவருடைய சகோதரிகள் நால்வர் பின்தங்கிவிட்டார்கள். நால்வரும் பிறகு நாஜி முகாம்களில் மாண்டார்கள். ரயிலைத் தவறவிடுவது ஆறுதல் என்ற வியாக்கியானம் அந்த வருஷத்தில் செல்லாக்காசாகிவிட்டது. ரயில் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள்.

மூன்றாவதாகச் சொன்ன பெண்மணியின் கதை இந்தக் காலத்தில்தான் வருகிறது. பெயர் ஷார்லட் பெராட். பெர்லினில் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த யூதப் பெண். 1933-ல் அவருக்குத் துர்க்கனவுகள் வந்தன. துரத்துகிறார்கள், ஓடுகிறார், ஒளிகிறார். நமக்கு மட்டுந்தானா, ஊருக்கெல்லாமா என்று ஒரு நாள் அவருக்குச் சந்தேகம் தட்டியது. விசாரிக்க ஆரம்பித்தார். தையற்காரி, அண்டைவீட்டுக்காரர், அத்தை, பால்காரர், சிநேகிதர், எல்லோரிடமும் பேச்சுவாக்கில், எதற்காகக் கேட்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல், கனவுகளைக் கேட்டார். ஒரு டாக்டர் நண்பரும் தம்மிடம் வருகிறவர்களை விசாரித்துச் சொன்னார். இப்படிச் சுமார் 300 கனவுகள் சேர்ந்தன.

எழுதி வைப்பது ஆபத்து. ஆகவே சங்கேத பாஷை. கட்சி என்பதற்குக் 'குடும்பம்'. ஹிட்லருக்கு 'ஹான்ஸ் மாமா'. கைது என்றால் 'ப்ளூ ஜுரம்'. குறிப்புகளைப் புத்தகங்களின் முதுகுக்குள் ஒளித்து வைத்தார். பிறகு கடிதங்களாக வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். 1939-ல் கணவரோடு தப்பி லண்டன் போய், அங்கிருந்து நியூயார்க் சேர்ந்தார். அங்கே பிழைப்புக்காக மற்றவர்களுக்குத் தலைமுடிச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். சேகரித்த கனவுகள் முழுப் புத்தகமாக ஜெர்மன் பாஷையில் வெளிவந்தது 1966-ல்.

அதில் வரும் இரண்டு கனவுகளை மாத்திரம் சொல்கிறேன். ஹிட்லர் பதவிக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு தொழிற்சாலை முதலாளி கண்டது முதலாவது. அறுபது வயசு, நேர்மையான மனுஷர். அவருடைய தொழிற்சாலைக்குக் கோயபல்ஸ் வருகிறார். தொழிலாளர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் முதலாளி கையை உயர்த்தி ஹிட்லர் வணக்கம் செய்ய வேண்டும். கை எழும்ப மறுக்கிறது. அணு அணுவாக உயர்த்த அரை மணி நேரம் பிடிக்கிறது. கோயபல்ஸ் நாடகம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உம்முடைய வணக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிப் போய்விடுகிறார். தாம் சோறு போட்ட ஜனங்களின் முன்னிலையில், தூக்கிய கையோடு முதலாளி நிற்கிறார். விழிக்கிற வரையில் நிற்கிறார்.

இரண்டாவது, ஒரு நாகரிகப் பெண்மணியின் கனவு. புது உடை உடுத்திக்கொண்டு சங்கீத நாடகம் பார்க்கப் போயிருக்கிறாள். அரங்கம் நிறைந்த கூட்டம். மேடையில் 'சைத்தான்' என்ற சொல் வருகிறது. உடனே போலீஸ் வீரர்கள் உள்ளே நடந்து நேரே அவளிடம் வருகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் மனசில் ஹிட்லரை நினைத்துக்கொண்டாளாம். அதை ஒரு யந்திரம் கண்டுபிடித்துவிட்டதாம். அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அத்தனை பெரிய கூட்டத்தில் யாராவது ஒருவர் திரும்பிப் பார்க்கமாட்டார்களா? எல்லோரும் மரப்பாச்சியாக நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு முதியவர், பார்த்தால் கருணையுள்ளவர் போலிருக்கிறார். அவரை நோக்கிக் கண்ணால் கெஞ்சுகிறாள். அவர் அவள்மீது காறித் துப்புகிறார்.

ஆர்ட்டெமிடோரஸ் இருந்தால், நீ யார் என்று கேட்டிருப்பார். அந்த ஊரில் முதலாளிக்கும் தையற்காரிக்கும் வந்த கனவுகள் ஒரே ஜாடையாக இருந்தன. பிராய்டு, உங்கள் சின்ன வயசைச் சொல்லுங்கள் என்றிருப்பார். பயம் சின்ன வயசிலிருந்து வரவில்லை, தெருக்கோடியிலிருந்து வந்தது. பெராட் அம்மையாருக்கு இது புரிந்திருந்தது. அவர் பலன் சொல்ல முற்படவில்லை. கேட்டார், எழுதினார், பத்திரப்படுத்தினார். அந்தக் கனவுகளில் கூட்டம் ஒரு வேஷமும் அல்ல, சகுனமும் அல்ல. கூட்டம் கூட்டமாகவே வந்தது. அது பேசாமல் இருந்ததுதான் அதன் பயங்கரம். பகலில் எவரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஒன்றை, அக்கம்பக்கத்தார் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதை, இரவு வந்து சொல்லிவிட்டுப் போயிற்று. அதுவும் எப்போது? முதல் வருஷத்திலேயே. பெரிய பெரிய ராஜதந்திரிகள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தூங்குகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

கடிதம் எழுதுகிற வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கூட்டத்தில் காத்திருப்பதாகக் கண்டால் இன்ன பலன் என்று எந்தப் புத்தகம் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் யார், விற்கிறவரா வாங்குகிறவரா என்று பாருங்கள். அத்தனை முகங்களுக்கும் பின்னால் தெரிந்த முகம் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் விடை கிடைக்கவில்லையென்றால், பக்கத்தில் நிற்கிறவர்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால், கோளாறு உங்கள் வயிற்றிலோ தூக்கத்திலோ இல்லாமல், நீங்கள் வசிக்கிற தெருவில் இருந்தாலும் இருக்கலாம்.

வீட்டில் யாராவது காலையில் காப்பி குடிக்கும்போது, 'ராத்திரி ஒரு கனவு கண்டேன்' என்று ஆரம்பித்தால், பத்திரிகையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பெர்லினில் அந்தத் தையற்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தன் கனவைச் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு மறந்தும் போயிருப்பாள். கேட்டவர் மறக்கவில்லை.